சூடு எஞ்சினில் இல்லை

எனக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது நான் முதலில் போனது மெக்கானிக்கிடம். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள். ஆட்டோ ஓட்டுகிற யாருக்கு அந்தச் சூடு வந்திருந்தாலும் அங்கேதான் போயிருப்பார்கள்.

வெயில் சூட்டை எனக்குத் தெரியும். இது அது இல்லை. வயிற்றுக்கு மேலே எங்கிருந்தோ கிளம்பும். நெஞ்சு, கழுத்து, காது என்று ஏறி, தலைமயிருக்குள் ஊறி, முகத்தில் தண்ணீராகக் கொட்டும். ஒரு சிக்னல் விழுந்து எடுக்கிற நேரம் இருக்கும், சில சமயம் இரண்டு சிக்னல். பிறகு தானாக இறங்கிவிடும். காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, அந்த வெயிலிலும் குளிரும். வருகிறபோதெல்லாம் நெஞ்சு வேறு படபடவென்று அடித்துக்கொள்ளும்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். தி.நகர் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். கோடம்பாக்கத்தில் படப்பிடிப்புக்கு ஆள் பிடிக்கும் வேனில் ஏறி, கூட்டத்தில் ஒருத்தியாக நடந்திருக்கிறேன். காசிக்குப் போகும் யாத்திரை பஸ்ஸில் சமையலுக்குப் போய், பாதி இந்தியாவை வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். வீட்டுக்காரர் என்னையும் மகளையும் விட்டு ஓடிப்போன பிறகு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டேன். உட்கார்ந்த இடத்திலேயே ஊர் சுற்றலாம், அதற்குக் கூலியும் கிடைக்கும். எனக்கு இதைவிட நல்ல தொழில் கிடையாது. ஆகவே சூடு வந்ததும், வண்டிக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். என்னைவிட வண்டியைத்தான் நான் அதிகம் கவனித்து வந்தேன்.

ராயப்பேட்டையில் ஜமால் பாய் பட்டறை. என் வண்டியைப் பல வருடமாகப் பார்ப்பவர்.

"பாய், எஞ்சின் சூடு மேல ஏறுது. உக்கார முடில."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் சீட்டுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார்.

"இன்னாம்மா மலரு சொல்றே? எஞ்சின் பின்னாடி கீது. சூடு வந்தா சவாரிக்கு வரணும். ட்ரைவருக்கு எப்டி வரும்?"

"வருதுன்னா வருது. ஓட்றவ நானா நீயா?"

"சரி, வுடு, பாக்கறேன். எங்கூட்லயும் இதே பேஜாருதான். ஃபேன்ல காத்தே வர்லன்னு எங்கூட்டம்மா கத்திக்கினே கீது. கண்டென்சர் மாத்தினேன். அப்பறம் ஃபேனயே மாத்தினேன். அப்பயும் வர்லியாம். இந்த வருசம் மெட்ராஸையே அடுப்பு மேல ஏத்தி வெச்சிட்டானுங்க போல."

எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியைச் சுத்தம் செய்தார். சைலன்சர் இணைப்பை இறுக்கினார். சூடு குறையவில்லை. மறுபடி போனேன். இந்தத் தடவை என் முதுகுக்குப் பின்னால் தகரமும் தடித்த ரப்பரும் சேர்த்து ஒரு தடுப்பு அடித்துக் கொடுத்தார். அதன் பலன், ஏறுகிற சவாரிக்கெல்லாம் முட்டி இடித்தது. ஆழ்வார்பேட்டையில் இறங்கிய ஒருவர், "இது ஆட்டோவா, அலமாரியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சூடு மட்டும் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது தடவை பாய் தானே வண்டியை ஓட்டி ஒரு சுற்றுப் போய்வந்தார். "ஏசி மாரி கீது," என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ஸ்பேனரை எடுத்து எறிந்திருப்பேன்.

கோபமும் புதிது. அதற்கு முன் நான் வாய்ச் சண்டைக்காரியே தவிர, கை ஓங்கும் அளவுக்குக் கோபப்பட்டவள் இல்லை. இரவில் தூக்கம் போயிற்று. தலையணை நனைந்து, எழுந்து அதைத் திருப்பிப் போட்டுப் படுப்பேன். காலையில் விரல்களை மடக்க முடியாமல் கிளட்சைப் பிடிப்பதற்குள் உயிர் போகும். அடிக்கடி சிறுநீர் முட்டும். ஆண் டிரைவர்களுக்கு ஊரெல்லாம் சுவர் இருக்கிறது, எனக்கு என்ன இருக்கிறது? அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், அது இன்னும் கெடுத்தது. ஒருநாள் அடையாறு போக வேண்டிய சவாரியோடு மந்தைவெளிப் பக்கம் திரும்பி, எங்கே போகிறேன் என்பதே மறந்து, "எங்க சார் எறங்கணும்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. தூக்கத்துக்குக் கொசு. விரலுக்குக் கிளட்ச். கோபத்துக்கு டிராபிக் போலீஸ். மறதிக்குத் தூக்கமின்மை. சூட்டுக்கு எஞ்சின். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரலாம் என்று தோன்றவே இல்லை.

மாதவிடாய் நின்று போயிருந்தது. முதலில் தள்ளித் தள்ளி வந்தது. பிறகு சில மாதம் கொட்டு கொட்டென்று கொட்டியது. அப்புறம் சொல்லாமல் நின்றுவிட்டது. வண்டி ஓட்டுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று ஓட்டிப் பார்த்தால் தெரியும். விட்டது தொல்லை என்று இருந்தேன். போய்விட்ட விருந்தாளியைப் பற்றி யார் பேசுவார்கள்? நானும் பேசவில்லை.

ஒருநாள் காலை மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு மாமி ஏறினார். தி.நகரில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்ததை வாங்கி வரப் போனார். மேம்பாலம் ஏறி நடுவில் போகும்போது சூடு வந்தது. அதுவரை வந்ததிலேயே பெரியது அதுதான். நெஞ்சு அடித்த அடியில் காது அடைத்தது. கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. பாலத்திலேயே ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் ஊரே ஹாரன் அடித்தது.

"ஏண்டிம்மா, என்னாச்சு? இப்படி வேர்த்துக் கொட்டறதே!"

"ஒண்ணுமில்ல மாமி. எஞ்சின் சூடு."

"எஞ்சினாவது மண்ணாவது! எங்காத்து மாமாவும் இப்படித்தான் வேர்த்துண்டே உக்காந்திருந்தார். அப்புறம் நேரா ஐசியூ. எறங்கு, எறங்கு."

எழுபது வயது மாமி, பாலத்தின் நடுவில் இறங்கி நின்று, இன்னொரு ஆட்டோவை மறித்து, என்னைத் தள்ளி ஏற்றி, பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். என் போனை வாங்கி மகள் தேவிக்குச் சொன்னார். தேவி வரும்வரை முந்தானையால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. மருமகன் குமார் போய்ப் பாலத்திலிருந்து என் வண்டியை எடுத்து வந்தான். சாவி அன்றிலிருந்து அவனிடம்.

அந்த ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்காத கேள்வி இல்லை. நெஞ்சு வலியா, இடது கை வலியா, சர்க்கரை உண்டா, அப்பா எதில் இறந்தார், சிகரெட் உண்டா. சிகரெட்டைக்கூடக் கேட்டார்கள். ஒன்றை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கம்பிகளை ஒட்டி, இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக இழுத்தார்கள். அது ஈசிஜி. வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதுபோல நெஞ்சின் மேல் ஒரு கருவியை உருட்டி, இதயம் சுருங்கி விரிவதைத் திரையில் பார்த்தார்கள். அது எக்கோ. இதயத் தசைக்கு அடிபட்டிருந்தால் இரத்தத்தில் தெரியுமாம். அதற்கு ரத்தம் எடுத்தார்கள், உடனே தெரியாமலும் போகலாம் என்று சில மணி கழித்து மறுபடி எடுத்தார்கள். "அப்சர்வேஷன்ல இருக்கட்டும்," என்றார்கள். அதாவது படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது. இரண்டு இரவு பார்த்தார்கள்.

அந்த வார்டில் ஏசி. மற்ற நோயாளிகள் கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். எனக்கு அங்கேயும் வந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். எஞ்சின் இல்லை, சாலை இல்லை, வெயில் இல்லை. அப்போதுதான் என் வண்டி மேல் குற்றமே இல்லை என்று புரிந்தது. பாய் பாவம் என்று நினைத்தேன். அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது. கோளாறு வண்டியில் இல்லையென்றால் என்னிடம்தான். வண்டிக்கு ஸ்பேர் கிடைக்கும்.

"சிஸ்டர், ஏசிய கொஞ்சம் கூட்டி வைங்க."

"ஏம்மா, எல்லாரும் கொறைக்கச் சொல்றாங்க. நீங்க ஒருத்தர் மட்டும்..."

"எனக்குப் பத்தி எரியுது சிஸ்டர்."

அவர் வந்து தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. குறித்துக்கொண்டு போனார். தேவி வராந்தா நாற்காலிகளுக்கு நடுவே தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தாள். காலையில் எங்கிருந்தோ ரசம் வாங்கி வந்து, ஊதி ஊதிக் கொடுத்தாள். சூடாகவே எதையும் தரக் கூடாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் ஒரு இளம் டாக்டர் வந்தார். "எல்லாம் நார்மல்மா."

"அப்ப ஏன் டாக்டர் எனக்கு இப்டி வருது?"

"டென்ஷன். வயசும் ஆகுதில்ல. நல்லாத் தூங்குங்க, மாத்திரை எழுதறேன். வண்டி ஓட்றத நிறுத்திடறது நல்லது."

போகிற போக்கில் சொன்னார். அவருக்கு அது ஒரு வரி. எனக்கு அது என் பிழைப்பு. அதைத் தேவி கேட்டுவிட்டாள் என்பதுதான் பெரிய கேடு. நோய் இருந்தால்தான் காப்பீட்டு அட்டை செல்லும், நோய் இல்லை என்று கண்டுபிடித்த செலவை நாமே கட்ட வேண்டும் என்று கவுன்டரில் சொன்னார்கள். தேவி வெளியே போய்வந்து கட்டினாள். திரும்பி வந்தபோது காதில் கம்மல் இல்லை.

வீட்டில் உட்கார்ந்தேன். என் வண்டியைக் குமார் ஓட்டினான். நல்ல பையன், சாயங்காலம் வந்ததும் கணக்கை என் கையில் கொடுத்துவிடுவான். ஆனால் சாவியைக் கேட்டால் தேவியைப் பார்ப்பான்.

"அத்த, நீ நல்லாயிட்டு ஓட்டு. இப்ப இன்னா அவசரம்?"

"நல்லாதான் கீறேன்னு ஆஸ்பத்திரிலயே சொல்லிட்டானே மாப்ள. எல்லாம் நார்மலாம்."

"ஓட்டக் கூடாதுன்னும் அவருதான சொன்னாரு?" என்றாள் தேவி. "பாலத்து மேல சவாரிய வெச்சிக்கினு விழுந்திருந்தா? நான் யாருக்குப் பதில் சொல்றது? வண்டிய அவரே ஓட்டட்டும், இல்லன்னா வித்துடலாம்."

நியாயமான பேச்சுக்கு எதிராகக் கத்துவதைப்போல எரிச்சலான வேலை உலகத்தில் இல்லை. தூக்க மாத்திரை போட்டால் பகலெல்லாம் மப்பாக இருந்தது. போடாவிட்டால் தலையணை நனைந்தது. தெருமுனைவரை நடந்து, போகிற ஆட்டோக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். குமார் என் கியரை எப்படி மாற்றுவான் என்று எனக்குத் தெரியும். வண்டி அழும்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வந்து, "கர்ப்பப்பைய எடுத்துடு. எங்க அண்ணி எடுத்துட்டா. எல்லாம் சரியாயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். வேறு வழி தெரியாததால் அதற்கும் தயாரானேன். எடுத்தால் சாவி கிடைக்கும் என்றால் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். அடையாற்றில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரிக்குத் தேவி கூட்டிப்போனாள். பஸ்ஸில் போனோம். அதுவே எனக்கு அவமானம்.

பெண்கள் பிரிவில் பெஞ்சு முழுக்க வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரெல்லாம் குழந்தைப் படங்கள். டோக்கன் கொடுக்கிறவர் தேவியைப் பார்த்து, "எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்.

"எங்க அம்மாவுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது லேடீஸ் வார்டும்மா."

"அப்ப நான் யாரு?" என்றேன். பெஞ்சில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். உட்கார்ந்ததும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கடைசியா பீரியட்ஸ் எப்போ வந்துது?"

அதுதான். ஊரெல்லாம் சுற்றி, இதயத்தைப் படம் பிடித்து, வண்டியை மூன்று முறை பட்டறையில் விட்டு, கடைசியில் ஒருவர் கேட்ட கேள்வி.

"பொங்கலுக்கு முன்னாடி. இந்தப் பொங்கல் இல்ல, போன பொங்கல்."

"திடீர்னு சூடு ஏறி வேர்க்குதா? ராத்திரி எழுந்து உக்கார்றீங்களா? படபடப்பு? கை மூட்டு காலைல மடங்கலியா? அடிக்கடி யூரின் வர்ற மாதிரி? மறதி? வீட்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறீங்களா?"

தேவி, "ஆமா டாக்டர்," என்றாள். கடைசிக் கேள்விக்கு மட்டும்.

"வீட்டுக்காரர்கூட இருக்கறப்போ வலி, எரிச்சல்?"

"அவரு ஓடிப்போயி ரொம்ப வருசமாச்சு டாக்டர்."

"சரி, அந்தக் கேள்வி வேணாம்," என்று சிரித்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். சினைப்பை வருடக்கணக்காகச் சுரந்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு இந்த வயதில் குறைகிறது. ஒரேயடியாகக் குறையாமல், ஏறி இறங்கிக் குறைவதால் உடம்பு தடுமாறுகிறது. மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது ரோஷக்காரியாகிவிடுகிறது. துளி வெப்பம் கூடினாலும் உடம்பு தீப்பிடித்ததாக நினைத்து, இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பி, வியர்வையைக் கொட்டித் தணிக்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் இதயம் படபடக்கும். ஒரு வருடம் முழுக்க மாதவிடாய் வரவில்லை என்றால் நின்றுவிட்டதாகக் கணக்கு. மெனோபாஸ் என்பது அதுதான். தொல்லைகள் அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கலாம், பிறகும் நீடிக்கலாம்.

"அப்ப இது சீக்கு இல்லியா?"

"இல்ல. அதுக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும்னும் இல்ல. மருந்து இருக்கு."

"இத ஏன் டாக்டர் அங்க யாரும் என்னக் கேக்கல?"

"கேட்டிருக்கணும். ஆனா நீங்களும் சொல்லலியே?"

"கேட்டாத்தான சொல்லுவேன்!"

"எல்லாரும் இப்படித்தான் நிக்கறோம், ரெண்டு பக்கமும்," என்றார்.

கர்ப்பப்பையை எடுப்பது இதற்கு மருந்தே இல்லை என்றார். என் வயதில் அதோடு சினைப்பையையும் எடுத்திருந்தால் சில பேருக்குச் சூடு கூடியும் இருக்கலாமாம். தைராய்டு, இரத்தசோகை பார்த்தார்கள். மார்பகத்துக்கு எக்ஸ்ரே, வயிற்றுக்கு ஸ்கேன். குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டா, காலில் இரத்தம் கட்டியதுண்டா என்று கேட்டுக்கேட்டு, எல்லாம் சரியாக இருந்ததால் குறைந்த அளவு ஹார்மோன் மருந்து கொடுத்தார். எனக்குக் கொடுத்தது எல்லோருக்கும் ஆகாது. ஹார்மோன் கூடாதவர்களுக்கு வேறு மாத்திரை இருக்கிறதாம். நின்று ஒரு வருடம் கழித்துத் துளி இரத்தம் பட்டாலும் அன்றே வந்து காட்ட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். அதை நான் இங்கே மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

எனக்கு வேண்டிய கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. "டாக்டர், நான் ஆட்டோ ஓட்டலாமா?"

தேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தே கேட்டார். "எப்பவாவது நினைவு தப்பி விழுந்திருக்காங்களா?"

"இல்ல. ஆனா பாலத்து மேல..."

"பாலத்து மேல என்ன பண்ணாங்க?"

தேவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஓரங்கட்டி நிறுத்துனாங்க."

"அதைத்தான் நானும் சொல்லப் போறேன். இதயம் நல்லாருக்குன்னு அங்கயே பாத்தாச்சு. வந்தா ஓரமா நிறுத்தணும், தண்ணி குடிக்கணும், இறங்கினப்பறம் எடுக்கணும். தூக்க மாத்திரை மயக்கத்தோட ஓட்டக் கூடாது, அதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம். மருந்து வேலை செய்யறதைப் பாத்துட்டு அடுத்த தடவை வர்றப்போ முடிவு பண்ணலாம்."

மருந்து மந்திரம் இல்லை. சில வாரம் ஆயிற்று. முதலில் தலையணை காய்ந்தது. பிறகு பகல் சூடு குறைந்து, வந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற மாதிரி ஆயிற்று. விரல் வலி இன்னும் முழுக்கப் போகவில்லை. மறுபடி காட்டப் போனபோது, "ஓட்டுங்க," என்றார் டாக்டர். தேவி மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை குமார் சாவியை என் கையில் வைத்தான். கண்ணாடிக்குக் கீழே பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன விசிறியை மாட்டியிருந்தான்.

"அத்த, இது எஞ்சின் சூட்டுக்கு இல்ல," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நேராக ராயப்பேட்டைக்குப் போனேன். "பாய், இந்தத் தடுப்பக் கழட்டு. சவாரி திட்றான்."

"சூடு?"

"சூடு வண்டில இல்ல பாய், என்கிட்ட. மாசாமாசம் வர்றது நின்னு போனா உடம்பு இப்டிப் பண்ணுமாம். டாக்டரு சொன்னாங்க."

பட்டறையில் நின்று ஓர் ஆணிடம் இதைச் சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் சொல்லாமல் இருந்ததற்கு நான் கட்டிய விலை எனக்குத்தான் தெரியும். பாய் தலையைக் குனிந்துகொண்டு திருப்புளியை எடுத்தார். ஒரு திருகைக் கழற்றினார். இரண்டாவதைக் கழற்றினார். மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

"சூடு இன்னா மாரி வரும்?"

"நெஞ்சுலேர்ந்து மேல ஏறும். தலையெல்லாம் தண்ணி."

"ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குமா?"

"உக்காந்துக்கும். ஏன்?"

"மலரு, நான் இதுவரைக்கும் மூணு ஃபேன் மாத்திட்டேன்," என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நெஞ்சு அடிச்சிக்குதுன்னு எங்கூட்டம்மா ரெண்டு மாசமா சொல்லிக்கினு கீது. என்கூட ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்குது. நான் இன்னான்னு கேக்கறது அதுகிட்ட?"

"நீ ஒண்ணும் கேக்காத. நாளைக்குக் காலைல ரெடியா இருக்கச் சொல்லு. நான் இட்டுக்கினு போறேன்."

மறுநாள் பாயின் மனைவி ரஹமத்தம்மா ஏறினார். தடுப்பு இல்லாததால் முட்டி இடிக்கவில்லை. அடையாறு பாலத்தின் மேல் போகும்போது கண்ணாடியில் பார்த்தேன். புர்காவின் முகத்திரையை மேலே தூக்கிவிட்டு, அதன் நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து நெற்றி பூராவும் முத்து முத்தாக நின்றது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

ஓரங்கட்டி நிறுத்தினேன். குமார் மாட்டிய விசிறியைக் கழற்றிப் பின்னால் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எஞ்சின் சூடு மூஞ்சி வரைக்கும் வருது பாரும்மா," என்றார்.

"வரும்," என்றேன். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. அடிக்கட்டும். சூடு இறங்குகிறவரை வண்டி நகராது.